அரக்குக்கரை, வெளிய வாலே!

எங்க சித்திக்கு ரகசியம் பேசத் தெரியாது. மெதுவாச் சொல்லு சித்தின்னா, முறைப்படி எல்லாம் செய்வா. கையை வாய் ஓரத்துல மறைப்பா வச்சுக்கிடுவா, குனிவா, அக்கம்பக்கம் பார்ப்பா, கண்ணைச் சுருக்குவா. அதுக்கப்புறம் அவ சொல்லுதது தெருமுக்கு டீக்கடை வரைக்கும் கேக்கும். என் தம்பி எங்க அம்மா வயித்துல தங்கின சேதி, எங்க அப்பாவுக்குத் தெரியும் முன்னால எதிர்வீட்டு அண்ணாச்சிக்குத் தெரிஞ்சது இந்த வகையிலதான். அண்ணாச்சி வந்து சந்தோசமா அப்பா கையைப் பிடிச்சுக் குலுக்க, அப்பா எதுக்குன்னு தெரியாம முழிச்சாங்களாம்.

இப்போ நான் உக்காந்து இதைச் சொல்லுத இடம் வர்க்கலை. குன்னு மேல வீடு, கீழ கடல். காலையில ஏழு மணிக்கெல்லாம் எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு இறங்கிப் போகுதுக. அலை வரும்போது பலகை மேல படுத்து, எழுந்து நின்னு, கொஞ்ச தூரம் வந்து தொப்புன்னு விழுதுக. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுகள்ல ஒண்ணுகூடக் கடலை நம்பி முதுகைக் குடுத்து நிக்கறதில்லை. பின்னால என்ன வருதுன்னு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருக்கும். அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகமும் சித்தி ஞாபகமும் சேர்ந்தே வரும். தென்காசியில பொறந்தவ இந்தக் கடற்கரைக்கு வாக்கப்பட்டு வந்தேன்னா அதுக்குச் சித்தியோட தொண்டைதான் காரணம்.

சித்தி எங்க அம்மா கூடப் பொறந்தவ. கல்யாணமாகி ரெண்டாம் வருசமே சித்தப்பா காய்ச்சல்ல போயிட்டாரு. அதுக்கப்புறம் எங்க வீட்டோட வந்துட்டா. சும்மா இருந்து சாப்பிட மாட்டேன்னு, ஆனி பொறந்து சாரல் விழ ஆரம்பிச்சதும் குற்றாலத்துல மெயின் அருவிக்குப் போற வழியில கீத்து வச்சு ஒரு கடை போடுவா. நல்லெண்ணெய், சீயக்காய்த்தூள், தேங்காய்நார், அவ்வளவுதான் சரக்கு. காலையில தென்காசியில இருந்து முதல் பஸ்ஸுக்குப் போனா பொழுது சாயத்தான் வருவா. குளிக்க வர்ற பொம்பளைக மாத்துச்சேலையை அவகிட்ட குடுத்துட்டுப் போவாங்க. ஆனா அவ பேரு விளங்கினது அந்தக் கடையால இல்லை.

அருவிக்குள்ள நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும். தலையில தண்ணி விழுந்துட்டா வேற எதுவும் காதுல ஏறாது. பக்கத்துல நிக்கறவ காதுக்குள்ள வந்து கத்தினாலும் வாய் அசையுறதுதான் தெரியும். நேரம் போறதும் தெரியாது. அஞ்சு நிமிசம்னு உள்ள போனவங்க ஒரு மணி நேரம் நிப்பாங்க. வெளிய பிள்ளை பசிக்கு அழும், பஸ்ஸு போயிரும், புருசன்மாரு கரையில நின்னு கையையும் காலையும் ஆட்டிக்கிட்டு இருப்பாங்க. அப்போ யாராவது சொல்லுவாங்க, "அந்த எண்ணெய்க்கடை அம்மாட்ட சொல்லுங்க. அவ கூப்பிடுவா."

சித்திக்குப் பேரெல்லாம் வேண்டாம். "உங்க வீட்டம்மா என்ன சேலை?"ன்னு கேப்பா. கேட்டுட்டு அருவி ஓரத்துக் கைப்பிடிக் கம்பி வரைக்கும் வந்து, இடுப்புல கையை வச்சு, ஒரு மூச்சு இழுத்து விடுவா. "ஏஏஏ பச்சைச்சேலை! வெளிய வாட்டீ! கொழந்தை அழுது!" பச்சைச்சேலை கட்டின அத்தனை பேரும் தண்ணி சொட்டச் சொட்ட வெளிய வருவாங்க. நாலு பேரு வந்தா அதுல மூணு பேருக்குக் கொழந்தையே இருக்காது. இருந்தாலும் வந்துருவாங்க. ஆம்பளைகளுக்குத் துண்டு நிறம், வேட்டிக் கரை. பெரிய உத்தியோகக்காரரா இருப்பாரு ஒருத்தரு, "ஏ சிவப்புத்துண்டு, வாலே!"ன்னதும் பதறியடிச்சு ஓடி வருவாரு. வந்த பிறகுதான் நம்மளை யாரு வாலேன்னு கூப்பிட்டதுன்னு யோசிப்பாரு.

நான் ஒருக்க கேட்டேன், எப்படி சித்தி ஒன் குரல் மட்டும் உள்ள போகுதுன்னு.

"கீச்சுனு கத்தப்பிடாதுட்டீ. கீச்சுக்குரலைத் தண்ணி தின்னுபோடும். அடிவயித்துல இருந்து தடிமனா எடுத்து இழுத்து விடணும். அருவி மேல இருந்து விழுது. நம்ம குரலு அதுக்கு அடியில குனிஞ்சு நுழையணும்." இதைச் சமையல்கட்டுல வச்சுச் சொன்னா. அடுத்த வீட்டு ஆச்சி அங்கன இருந்தே, "நல்லாச் சொன்னேட்டி"ன்னா.

சிரிச்சுட்டுப் போற விசயம் மட்டுமில்லை இது. மலையில மழை கூடிப்போனா முதல்ல சருகும் சுள்ளியும் வரும். அப்புறம் தண்ணி லேசா செம்மண் நிறத்துக்கு மாறும். அதுக்கப்புறம் வர்றது கல்லும் கட்டையும். கண்ணை மூடித் தலையைக் குனிஞ்சு நிக்கறவங்களுக்கு இது எதுவும் தெரியாது. சித்தி எண்ணெயை அளந்து ஊத்திக்கிட்டே ஒரு கண்ணை அருவி மேல வச்சிருப்பா. சருகு வந்துச்சுன்னா படியைக் கீழ போட்டுட்டு ஓடுவா. அன்னைக்கு ஒரு நிறமும் சொல்ல மாட்டா. "எல்லாச் சேலையும் வெளிய வா! எல்லாத் துண்டும் வெளிய வாலே!" அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் கரையில இருக்கும். ஒரு தடவை அப்படி எல்லாரும் வந்து நின்னு ஈரத்தலையைத் துவட்டும் முன்னால, பனந்தடி மாதிரி ஒரு மரம் நேரா அவங்க நின்ன இடத்துல வந்து குத்தி நின்னதை நானே பாத்திருக்கேன்.

அதனால எங்க ஆளுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சித்தி குரல் கேட்டா ஏன், எதுக்குன்னு கேக்கப்பிடாது. கண்ணைத் திறக்கும் முன்னால காலு நடக்கணும். எங்க அப்பாவுக்கும் அதே பழக்கம்தான். அப்பா தாலுகா ஆபீஸ்ல கிளார்க். சட்டையில கழுத்துப் பித்தானைக்கூடப் போட்டுத்தான் வெளிய போவாங்க. வீட்டுல சித்தி அவங்களுக்கு நேர வந்து நின்னு பேசினதில்லை. கதவுக்குப் பின்னால நின்னு, "அத்தான், சாப்பிட வாங்க"ன்னு சொல்லுவா, அதுக்கே பரண்ல இருக்கிற பித்தளைப் பானை அதிரும். அருவியில மட்டும் அப்பாவும் ஒரு வேட்டிக்கரைதான். சித்தி கூப்பிட்டா நடந்து வெளிய வந்துருவாங்க. அதைப் பத்தி வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க.

எனக்குக் கல்யாணமான பின்னால, 1960-கள்ல, சித்தி வருசா வருசம் இங்க என்னைப் பாக்க வருவா. எங்க வீட்டுக்காரரு கடையைச் சாத்திட்டுக் கீழ கடற்கரையில நடக்கப் போயிருப்பாரு. சோறு ஆறுதேன்னு சித்தி குன்னு ஓரத்துல வந்து நின்னு, "ஏஏஏ மாப்பிள்ளே! சாப்பிட வாங்க!"ன்னு ஒரு குரல் குடுப்பா. வலையைக் காயப்போட்டுக்கிட்டிருக்கிற நாலஞ்சு கட்டுமரக்காரங்களும் சேர்ந்து ஏறி வந்துருவாங்க. "சோறுண்டோ அம்மச்சி?"ன்னு சிரிச்சுக்கிட்டே நிப்பாங்க. சித்தி கூச்சப்படவே மாட்டா. "கூப்பிட்டது நான்தானே, உக்காருங்க"ன்னு இலையைப் போட்டுருவா. இங்கத்தைய ஆளுகளுக்கு என் பேரு தெரியாது, இன்னைக்கும் நான் 'கூப்பிடுத அம்மச்சியோட மகள்'தான். எனக்கு அதுல கொள்ளைப் பெருமை.

ஆனா பெருமை பின்னால வந்தது. அதுக்கு முன்னால நான் வெக்கப்பட்டிருக்கேன், அதை மறைக்கப் போறதில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின பிள்ளை நான். எங்க பள்ளிக்கூடத்துல மெதுவாப் பேசுறதுதான் நாகரிகம்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. தெருவுல சித்தி கூட நடந்து போகவே எனக்குக் கூச்சம். "ஏட்டி, உள்பாவாடை நாடா தொங்குது பாரு"ன்னு கடைத்தெருவுல வச்சுச் சொல்லுவா. காதோட சொல்லுததா அவளுக்கு நினைப்பு.

பத்தொன்பது வயசுல எனக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சாங்க. ஆலங்குளத்துல இருந்து ஒரு இடம் வந்துச்சு, நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கூடத்துல உக்காந்து, நான் காப்பித் தட்டோட நிக்கேன். பின்கட்டுல இருந்து சித்தி, "ஏ அக்கா! அந்தப் பிள்ளை சேலைக் கிழிசல் தெரியாம மடிச்சுக் கட்டியிருக்கா, குனியச் சொல்லாதே!"ங்கா. ரகசியமாத்தான் சொன்னா, பாவம். மாப்பிள்ளையோட அம்மா காப்பியை வச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க. போகும்போது வாசல்ல நின்னு, "பொம்பளை குரலே இப்படின்னா, குடும்பம் எப்படி இருக்கும்"னு சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுது. அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை நான். சித்தியும் சாப்பிடலை. அவளோட நான் நாலு நாள் பேசலை.

அடுத்த வருசம்தான் வர்க்கலை இடம் வந்துச்சு. பூர்வீகம் செங்கோட்டைப் பக்கம், ரெண்டு தலைமுறையா அங்க போய்க் கோயில் வாசல்ல ஜவுளிக்கடை வச்சிருக்கிற குடும்பம். பையன் நல்ல பையன்னு விசாரிச்ச இடமெல்லாம் சொன்னாங்க. பையனோட அம்மாவுக்குக் கால் முறிஞ்சு கட்டுப் போட்டிருந்ததால அவங்களால தென்காசிக்கு வர முடியலை. "ஆடி அமாவாசைக்கு இங்க கடல்ல முங்க வருவீங்கன்னா, அப்படியே பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க, கண்ணால பாத்துக்கிடுதேன்"னு எழுதியிருந்தாங்க. ஆடியில பொண்ணு காட்டப் போறதாவதுன்னு அம்மா இழுத்தா. அப்பா கறாரா, "பொண்ணு காட்டப் போறோம்னு யாரு சொன்னா? எங்கப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கப் போறேன். பிள்ளை கூட வருது"ன்னுட்டாங்க. எனக்கு அந்த இடம் முடியணும்னு உசிரா இருந்துச்சு. ரெண்டாவதும் தட்டிப்போச்சுன்னா ஊருல என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும்.

அம்மா, தன் தங்கச்சி இல்லாம போக மாட்டேன்னு நின்னா. அதனால நானே சித்திகிட்ட போனேன். அம்மா சொல்லலை, அப்பா சொல்லலை, நான்தான் சொன்னேன்.

"சித்தி, நீ வா. ஆனா வண்டி ஏறினதுல இருந்து திரும்பி வந்து நம்ம வீட்டு நடை ஏறுத வரைக்கும் நீ பேசப்பிடாது."

"மெதுவாக்கூடவா?"

"ஒனக்கு மெதுவா வராது சித்தி. ஒரு வார்த்தையும் கூடாது."

"தண்ணி வேணும்னா?"

"சைகை காட்டு. அருவியில எல்லாரும் காட்டுதாங்கல்லா?"

கோவப்படுவான்னு நினைச்சேன். படலை. கொஞ்ச நேரம் கையில ஒட்டியிருந்த சீயக்காய்த்தூளைத் தட்டிக்கிட்டே நின்னா. "சரிட்டீ. சத்தியம். ஒன் கழுத்துல தாலி ஏறணும், அதுதான் எனக்கு வேணும்"ன்னா. அதைக் கேட்டு அடுத்த வீட்டு ஆச்சி, "யாருக்குட்டி தாலி?"ன்னு வந்து நின்னுட்டா. ஆடி மாசம், சீசன் உச்சம். கடையைச் சாத்திட்டு வந்தா எங்க சித்தி.

கொல்லம் வண்டி தென்காசியை விட்டதுல இருந்து அவ வாயைத் திறக்கலை. செங்கோட்டை தாண்டி, பகவதிபுரம் தாண்டினா ஒரு பெரிய குகை வரும். இஞ்சின் கூவிக்கிட்டே உள்ள நுழையும், பெட்டிக்குள்ள கும்மிருட்டாயிரும், பிள்ளைக எல்லாம் ஓன்னு கத்தும். சித்திக்கு அந்தக் குகைன்னா உசிரு. ஆரியங்காவு கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகளோட பிள்ளையா அவளும் கத்துவா. அன்னைக்கு இருட்டுல பிள்ளைக குரல் மட்டும்தான் கேட்டுது. வெளிச்சம் வந்தப்போ பாத்தேன், முந்தானையைச் சுருட்டி வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அவ்வளவு கல்நெஞ்சுக்காரி நான்.

சாயந்தரம் அவங்க வீட்டுல போய் உக்காந்தோம். குன்னு ஓரத்து வீடு, இதே வீடுதான். ஆடிக் கடல் கீழ இரைஞ்சுக்கிட்டிருந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா கட்டுப்போட்ட காலை முக்காலி மேல நீட்டி நாற்காலியில இருந்தாங்க. என்னைப் பக்கத்துல உக்காரச் சொன்னாங்க. அவங்க குரல் அவ்வளவு மெல்லிசா இருந்துச்சு. மாப்பிள்ளையும் அவங்க அண்ணனும்கூட முணுமுணுன்னுதான் பேசினாங்க. நானும் பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி மெதுவாப் பதில் சொன்னேன். கடல் சத்தத்துல ஒருத்தர் பேசினது ஒருத்தருக்குக் கேக்கலை. எல்லாரும் எல்லாத்துக்கும் தலையை ஆட்டினோம். என்ன நாகரிகமான குடும்பம்னு நான் மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன்.

சித்தி தட்டைக் கையால காட்டி வேணாம்னா, டம்ளரைக் காட்டிப் போதும்னா. அதைப் பாத்துட்டு அந்த அம்மா எங்க அம்மாட்ட குனிஞ்சு, "இவங்களுக்குப் பேச வராதோ?"ன்னு கேட்டாங்க. அம்மா என்னைப் பாத்தா. நான் தரையைப் பாத்தேன். அம்மா இல்லைன்னும் இல்லாம ஆமான்னும் இல்லாம தலையை அசைச்சா. "அய்யோ பாவம்"னு அந்த அம்மா சித்தி கன்னத்தைத் தடவி, கையில ரெண்டு நேந்திரம்பழம் குடுத்தாங்க. குற்றாலத்துல ஆயிரம் பேரைக் கரையேத்தின எங்க சித்தி அதை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு ஊமை மாதிரியே சிரிச்சா. அதைப் பாத்த பிறகும் நான் உண்மையைச் சொல்லலை.

மறுநாள் அமாவாசை. விடிஞ்சதும் கடற்கரைக்கு இறங்கினோம். நல்ல கூட்டம். அப்பா அரக்குக்கரை வேட்டியோட உக்காந்து தாத்தாவுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாங்க. பிண்டத்தைக் கரைச்சுட்டு முங்கணும். அந்த ஊரு ஆளுக எல்லாம் ஓரத்துலயே உக்காந்து ரெண்டு கை தண்ணியை அள்ளித் தலையில விட்டுக்கிட்டு எந்திரிச்சாங்க. மாப்பிள்ளையோட அண்ணன் அப்பா பக்கத்துல போய், "முழங்காலுக்கு மேல வேண்டாம். அலையைப் பாத்துக்கிட்டே நில்லுங்க"ன்னு பணிவா, மெதுவாச் சொன்னாரு. அப்பாவுக்கு ஒரு எழுத்தும் கேக்கலை. முந்தின நாள் மாதிரியே தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க.

அப்புறம் அப்பா செஞ்சதை எங்க ஊரு ஆளைத் தவிர வேற எவரும் செய்ய மாட்டாங்க. இடுப்பளவு தண்ணிக்குப் போய், கரையைப் பாக்கத் திரும்பி நின்னு, தலையைக் குனிஞ்சு, ரெண்டு கையையும் உச்சந்தலையில கோத்து, கண்ணை மூடிக்கிட்டு, கடலுக்கு முதுகைக் குடுத்தாங்க. அருவியில அப்படித்தானே நிப்போம். முதல் அலை முதுகுல மொத்துன்னு அடிச்சுது. அப்பா முகத்துல ஒரு ஆனந்தம். ரெண்டாவது அடிச்சுது. மெயின் அருவியை முதுகுல வாங்குத மாதிரியே நிக்காங்க. ஆனா அருவி ஆளைப் பிடிச்சு இழுக்காது. இந்தத் தண்ணி திரும்பிப் போகும்போது காலடி மண்ணை அரிச்சு அரிச்சு அப்பாவைக் கொஞ்சங்கொஞ்சமா உள்ள கொண்டுபோகுது. இடுப்புல இருந்த தண்ணி மாருக்கு வந்துருச்சு. அது அப்பாவுக்குத் தெரியலை.

பின்னால ஒரு பெரிய அலை எந்திரிக்கிறதை எல்லாரும் பாத்துட்டோம். அம்மா "என்னங்க! என்னங்க!"ன்னு கத்தினா. நான் கத்தினேன். மாப்பிள்ளை "மாமா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே தண்ணிக்குள்ள ஓடுதாரு. அண்ணன் கையை ஆட்டுதாரு. எங்க குரல் எங்களுக்கே கேக்கலை, காத்து கடல்ல இருந்து எங்க மூஞ்சியில அடிக்குது. அப்பா கண்ணை மூடி, தலையைக் குனிஞ்சு, சுகமா நிக்காங்க.

நான் திரும்பிச் சித்தியைப் பாத்தேன். அவ என்னைப் பாத்தா. ஒரு நொடிதான். அவ கண்ணுல இருந்தது பயமில்லை, என்கிட்ட உத்தரவு கேக்குத பார்வை அது. பதிலுக்கு அவ காத்திருக்கலை. இடுப்புல கையை வச்சா. மூச்சை இழுத்தா.

"ஏஏஏ அரக்குக்கரை! வெளிய வாலே!"

கடற்கரையில இருந்த அத்தனை பேரும் திரும்பினாங்க. கடலுக்குள்ள அப்பா கண்ணைத் திறக்கலை. தலையை நிமித்தலை. கோத்த கையை எடுக்கக்கூட இல்லை. காலு மட்டும் நடந்துச்சு. பதினஞ்சு வருசப் பழக்கம், நேராக் கரையைப் பாத்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நடந்து வந்தாங்க எங்க அப்பா. மாரளவு தண்ணி இடுப்புக்கு வந்துச்சு, இடுப்பு தொடைக்கு வந்துச்சு. அப்போதான் அந்த அலை அவங்க நின்னிருந்த இடத்துல மடிஞ்சு விழுந்துச்சு. அதோட நுரை வந்து அடிச்சதுலயே அப்பா குப்புற விழுந்துட்டாங்க. மாப்பிள்ளை ஒரு கையையும் அவங்க அண்ணன் ஒரு கையையும் பிடிச்சுக் கரைக்கு இழுத்துட்டாங்க. அங்கனயே நின்னிருந்தா அப்பா எங்களுக்கு இல்லை. அதை அந்த ஊருக்காரங்க பத்துப் பேரு எங்ககிட்ட வந்து சொன்னாங்க.

அப்பா உப்புத்தண்ணியை இருமித் துப்பிட்டு, முதல்ல கேட்டது, "சருகு வந்துருச்சா?"ன்னுதான்.

அம்மா அப்பாவைக் கட்டிக்கிட்டு அழுதா. சித்தி அங்க வரலை. என் பக்கத்துல வந்தா. கையை வாய் ஓரத்துல மறைச்சு வச்சா, குனிஞ்சா, கண்ணைச் சுருக்கினா. அந்த ஒரு தடவைதான், என் ஆயுசுல அந்த ஒரே தடவைதான், சித்தி நிசமாவே மெதுவாப் பேசிக் கேட்டேன். பேச்சு வெறும் காத்தா வந்துச்சு.

"சத்தியத்தைத் தவறிட்டேன்ட்டீ. அத்தானைப் போயி வாலேன்னுட்டேன், எல்லாரும் கேட்டுட்டாங்க. ஒன் வாழ்வை ரெண்டாவது தடவையும் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சுருட்டீ."

எங்க அப்பா உசிரைத் திருப்பிக் குடுத்தவ என்கிட்ட மன்னிப்புக் கேக்கா. நான் என்ன பிறவின்னு அந்த மணல்ல நின்னுக்கிட்டு நினைச்சேன். அவ கையைப் பிடிச்சுக்கிட்டுக் குன்னு ஏறினேன்.

மேல வீட்டு வாசலுக்கு வரும்போதே உள்ள இருந்து மாப்பிள்ளையோட அம்மா குரல் வந்துச்சு. முந்தின நாள் முணுமுணுத்த குரல் இல்லை. "ஆரு அது கூப்பிட்டது? ஜன்னல் கதவு ஆடிப்போச்சே! ஆரு அந்த அரக்குக்கரை?" எங்க அப்பா அரக்குக்கரை வேட்டியோட, மணலும் ஈரமுமா, அவங்க முன்னால நிக்காங்க.

அம்மா பதறிப்போய், "என் தங்கச்சிதான். அவளுக்கு எப்பவாவதுதான் அப்படி..."ன்னு எதையோ சொல்லிச் சமாளிக்கப் பாத்தா.

"அவங்களுக்குப் பேச வராதுங்கிற மாதிரி தலையை அசைச்சீங்களே?"

முடிஞ்சுது, இந்த இடமும் போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போகட்டும்னு இருந்துச்சு. நான் முன்னால போய் நின்னேன். நான் பேசினது எனக்கே சத்தமாக் கேட்டுது. "எங்க சித்தி ஊமையில்லை. அவ குரல் எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதனால பேசப்பிடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். பொய் எங்க அம்மாவோடது இல்லை, என்னோடது. அவ கூப்பிடலைன்னா இன்னைக்கு எங்க அப்பா இல்லை. எங்க ஊரு அருவியில அவ கூப்பிட்டா வராத ஆளு கிடையாது. உங்களுக்கு இந்தக் குரல் ஆகாதுன்னா எனக்கு இந்த இடம் வேண்டாம்."

அந்த அம்மா என்னைப் பாத்தாங்க. அப்புறம் திரும்பித் தன் மகனைப் பாத்தாங்க. மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"கேட்டியாலே? கேட்டியா?" வீடே அதிர்ந்துச்சு. "இவன் எனக்கும் அதைத்தான் சொன்னான், மோளே. தென்காசிக்காரங்க படிச்சவங்க, மெதுவாப் பேசுவாங்க, நீ ஒன் தொண்டையைக் காட்டிராதேன்னு. நேத்துல இருந்து அடக்கி அடக்கி எனக்குத் தொண்டை நோவு வந்துட்டுது. கடல் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு மெதுவாப் பேசினா, சோறு எங்க, உப்பு எங்கன்னு எப்படிக் கேக்கிறது? எந்திரிக்க முடிஞ்சா நானே இவங்க காலைத் தொடுவேன்." சித்தியைப் பாத்து, "வாங்க, இங்கன வந்து உக்காருங்க. பேசுங்க"ன்னாங்க.

சித்தி வந்து பக்கத்துல உக்காந்தா. ஆனா பேசலை. ஒரு தடவை தவறினது போதும்னு நினைச்சுட்டா போல. விரலால வாயைத் தொட்டு, கிழக்க தென்காசி இருக்கிற திசையைக் காட்டினா. வீட்டு நடை ஏறணுமாம். அங்க வச்சே ஆவணியில கல்யாணம்னு முடிவாகி, வெத்தலைபாக்கு மாத்துததை மட்டும் ஆடி கழியட்டும்னு வச்சாங்க. அவ்வளவு சந்தோசத்துலயும் சித்தி கண்ணைத் துடைச்சுக்கிட்டாளே தவிர வாயைத் திறக்கலை.

கொல்லத்துல வண்டி மாறி உக்காந்தோம். புனலூர் போச்சு, தென்மலை போச்சு. அப்பா வெக்கத்துல ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தாங்க. ஆரியங்காவு தாண்டினதும் நான் சித்தி பக்கத்துல போய் உக்காந்தேன்.

"சித்தி, நான் வாங்கின சத்தியத்தை நானே திருப்பித் தாரேன். போதும், பேசு."

தலையை ஆட்டினா.

"குகை வருது சித்தி. எனக்குக் கல்யாணம்னு சொல்லு."

யாருட்டங்கிற மாதிரி கையைக் காட்டினா.

"எல்லாருட்டயும்."

இஞ்சின் கூவிச்சு. வண்டி குகைக்குள்ள நுழைஞ்சுது. கும்மிருட்டு. சக்கரச் சத்தமும் புகையும் பிள்ளைக கூச்சலும் சேர்ந்து பெட்டி குலுங்குது. கொஞ்ச நேரம் வேற ஒண்ணுமில்லை, இவ பேச மாட்டான்னு நினைச்சேன். அப்புறம் அத்தனை சத்தத்துக்கும் அடியில இருந்து, தடிமனா, இழுத்து, அது வந்துச்சு.

"ஏஏஏ! எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஆவணியில கல்யாணம்! எல்லாச் சேலையும் எல்லாத் துண்டும் தென்காசிக்கு வாங்கலே!"

இருட்டுக்குள்ள அப்பா சிரிச்சது எனக்குக் கேட்டுது. பின்பெட்டியில யாரோ கையைத் தட்டினாங்க.

பகவதிபுரத்துல வண்டி நின்னதும் கார்டு பச்சைக்கொடியைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு பெட்டியா எட்டிப் பாத்துக்கிட்டே வந்தாரு. அவரு பெட்டி வண்டியோட கடைசிப் பெட்டி. எங்க ஜன்னல்கிட்ட வந்து நின்னு, "குகையில கூப்பிட்டது யாரு?"ன்னு கேட்டாரு. சித்தி பயந்துபோய் முந்தானையை வாயில வைக்கப் போனா. அம்மா அப்பாவைப் பாத்தா. நான்தான் முதல்ல எந்திரிச்சேன்.

"எங்க சித்தி"ன்னு சொன்னேன், பிளாட்பாரம் முழுக்கக் கேக்கும்படியா.